அடிபட்ட பருந்துக்கு முதலில் இருட்டு



கோயில் குடமுழுக்கு என்றால் நம் பக்கத்தில் ஊரே வானத்தைப் பார்த்து நிற்கும். கலசத்தில் நீர் வார்க்கும் நேரத்தில் கருடன் வந்து வட்டமிட்டுவிட்டால் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வானத்தில் இருக்கும் கருடனுக்கு நாம் காட்டும் மரியாதை அது. அதே கருடன் மீன்பிடித் துறைமுகத்து ஓரமாக, இறக்கை தொங்கத் தரையில் கிடந்தால் என்ன நடக்கிறது? சுற்றிலும் கூட்டம் கூடுகிறது. ஒருவர் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுகிறார். ஒருவர் மஞ்சள் அரைத்துப் பூசுகிறார். ஒருவர் இறக்கையை விரித்துப் பிடித்துக் கைப்பேசியில் படம் எடுக்கிறார். இன்னொருவர், பறந்துவிடும் என்று நம்பி மேலே தூக்கி எறிகிறார். யாரும் கெட்ட மனத்தோடு செய்வதில்லை. இரக்கப்பட்டுத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த இரக்கத்தாலேயே பறவை செத்துப்போகிறது.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அடிபட்ட வேட்டைப்பறவைக்கு நாம் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத் தாமதமில்லாமல் செய்ய வேண்டும். அதற்கு மேல் கையைக் கட்டிக்கொள்ளத் தெரிய வேண்டும். மூடுங்கள், பெட்டியில் வையுங்கள், இருட்டாக்குங்கள், உரியவரிடம் சேருங்கள். இந்த நான்கும் ஏன் என்று விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

முதலில், நம்மோடு வாழும் வேட்டைப்பறவைகளை அடையாளம் கண்டுகொள்வோம். நம் காரைக்கால் சிறிய நிலப்பரப்புதான். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். ஆனாலும் அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு என்று காவிரி நீர் பல வழிகளில் கடலைச் சேரும் இடம் இது. நெல்வயல், பனந்தோப்பு, கழிமுகம், மணல் கரை எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அதனால் வேட்டைப்பறவைகளுக்கு இது வளமான பூமி. செம்பழுப்பு முதுகும் வெள்ளைத் தலையும் கொண்ட கருடன் என்கிற செம்பருந்து, வாலின் நுனி பிளவுபட்ட கரும்பருந்து, ஊருக்குள்ளேயே ஓணானும் சிட்டும் பிடிக்கும் வல்லூறு, வயலுக்கு மேல் ஒரே இடத்தில் இறக்கையடித்தபடி நின்று எலியைக் குறிபார்க்கும் கருந்தோள் பருந்து, கோயில் கோபுரத்திலும் பாழடைந்த வீட்டிலும் குடியிருக்கும் கூகை, மரப்பொந்தில் வாழும் புள்ளி ஆந்தை, இவையெல்லாம் ஆண்டு முழுவதும் நம்மோடு இருப்பவை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவை வேறு: சேற்றுப் பூனைப்பருந்து, மீனை மட்டுமே நம்பி வாழும் விராலடிப்பான், காற்றைக் கிழித்துக்கொண்டு பாயும் பைரி. தெற்கே கோடியக்கரை 1967-இல் பறவைகளுக்கும் விலங்குகளுக்குமான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. அங்கே போய்வரும் பறவைகளுக்கு நம் கரையும் வழித்தடம்தான்.

இவை ஏன் கீழே விழுகின்றன என்று கேட்டால், பெரும்பாலும் நாம் செய்கிற வேலைகளால்தான். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி பக்கம் மீன் கழிவுக்காகப் பருந்துகள் தாழப் பறக்கின்றன. கரையில் கிடக்கும் கிழிந்த வலையிலும் தூண்டில் நரம்பிலும் கால் சிக்குகிறது. மின்மாற்றியின் மேல் உட்காரும் பருந்து, இறக்கையை விரிக்கையில் இரண்டு கம்பிகளைத் தொட்டுவிட்டால் கருகி விழுகிறது. வல்லூறு சிட்டைத் துரத்திக்கொண்டே வந்து கண்ணாடிச் சன்னலில் மோதுகிறது. எலியின் மேல் கண்ணாக இரவில் சாலையைத் தாழ்வாகக் கடக்கும் கூகை, லாரியில் அடிபடுகிறது. பட்டத்து மாஞ்சா நூல் இறக்கையை எலும்பு வரை அறுக்கிறது. நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுவதும் தடை செய்தது. ஆனாலும் மரக்கிளையில் தொங்கும் நூல் தடை ஆணையைப் படிப்பதில்லை. புயலும் தன் பங்குக்கு வருகிறது. 2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, தென்னையோடு தென்னையாகப் பறவைகளின் கூடுகளையும் சாய்த்துவிட்டுப் போனது.

விவசாயிகளிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வயல் நடுவே தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைப்பது உங்கள் பாட்டன் காலத்துப் பழக்கம். இரவில் ஆந்தையும் கூகையும் அதில் வந்து உட்காரும், எலியைப் பிடிக்கும். குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் ஒரு கூகைக் குடும்பம் ஒரே இரவில் பல எலிகளை முடித்துவிடும். கூலி கேட்காத காவல் அது. அந்த வயலிலேயே சிங்க் பாஸ்பைடும் புரோமாடியோலோனும் எலிமருந்தாக வைத்தால் என்ன ஆகும்? புரோமாடியோலோன் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் கூகைக்கு எளிதில் கிடைக்கும் இரை. அந்த விஷம் இரத்தத்தை உறையவிடாமல் செய்வது. அதே வேலையைப் பறவையின் உடம்பிலும் அது செய்கிறது. வெளிக்காயம் ஒன்றும் இல்லாமல், சோர்ந்து, வாயிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தபடி ஒரு கூகை வரப்பில் உட்கார்ந்திருந்தால் முதலில் விஷத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். பூச்சிமருந்தால் பாதிக்கப்பட்ட பறவை கால் விரல்களை இறுக மடக்கிக்கொண்டு நடுங்கும். இந்த அடையாளங்களைப் பார்த்தவர், பக்கத்து வயலில் என்ன வைத்தார்கள், என்ன தெளித்தார்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புரோமாடியோலோனுக்கு முறிவு உண்டு, வைட்டமின் கே1. ஆனால் எந்த விஷம் என்று தெரிந்தால்தான் அதைக் கொடுக்க முடியும்.

சரி, ஒரு பறவை தரையில் கிடக்கிறது. அருகே போவதற்கு முன், சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். தரையில் இருப்பதெல்லாம் அடிபட்டது அல்ல. பறக்கப் பழகும் ஆந்தைக் குஞ்சு கிளையிலிருந்து கீழே வந்துவிடும். தாயும் தந்தையும் பக்கத்து மரத்தில்தான் இருக்கும். இருட்டியதும் வந்து ஊட்டும். காயம் இல்லாத குஞ்சை அது விழுந்த மரத்தின் பொந்திலோ, கிளையிலோ வைத்துவிடலாம். பொந்து எட்டாத உயரத்தில் இருந்தால் அடியில் ஓட்டையுள்ள ஒரு மூங்கில் கூடையில் சருகு போட்டு, நாய் எட்டாத கிளையில் கட்டி, அதில் வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். தாய்ப்பறவை தன் குஞ்சை விடாது. வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பதுதான் அந்தக் குஞ்சைத் தாயிடமிருந்து நிரந்தரமாகப் பிரிக்கும்.

பகலில் காக்கைகள் சூழ்ந்து ஒரு ஆந்தையைக் கொத்திக்கொண்டிருக்கும். அதற்குக் காயம் இல்லாமல் இருக்கலாம். மறைவிடம் கலைந்ததால் வெளியே அகப்பட்டுக்கொண்டிருக்கும். காக்கையை விரட்டி, ஆந்தையை ஒரு பெட்டியில் வைத்து, பொழுது சாய்ந்ததும் அதே இடத்தில் திறந்துவிட்டால் போதும்.

எப்போது நம் உதவி கட்டாயம் வேண்டும்? ஒரு இறக்கை மற்றதைவிடத் தாழ்ந்து தொங்கினால், எழுந்து நிற்க முடியாவிட்டால், இரத்தம் தெரிந்தால், ஈ மொய்த்தால், கண் கலங்கி மூடியிருந்தால், பூனையோ நாயோ கவ்வியிருந்தால், கம்பியிலோ வண்டியிலோ அடிபட்டதை நீங்களே பார்த்திருந்தால். இவற்றில் ஒன்று போதும். இன்னொன்றும் உண்டு. நலமான பருந்து மனிதனை அருகில் விடாது. நீங்கள் நாலடி தூரத்தில் வந்த பிறகும் அது பேசாமல் உட்கார்ந்திருந்தால் சாதுவான பறவை என்று எண்ணிவிடாதீர்கள். ஓடும் வலு இல்லை என்று பொருள். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்தும் சாகக் கிடந்தும் தெரிந்தால் மட்டும் ஒன்றையும் தொடக் கூடாது. அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், விஷமாகவும் இருக்கலாம். உடனே அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டு நாய், கோழி, குழந்தைகளை அப்பால் வைத்திருங்கள்.

இனிப் பிடிப்பது. கூட்டத்தை விலக்குங்கள், நாயைக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு பேர் போதும். பருந்தின் ஆயுதம் அலகு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் ஆயுதம் கால். மல்லாந்து விழுந்த நிலையிலும் நகங்களை நீட்டிப் பிடித்துவிடும். கனமான ஒரு போர்வையோ, ஜமுக்காளமோ, சுத்தமான சாக்கோ எடுத்துக்கொண்டு, பின்பக்கமாக, குனிந்தபடி, பேசாமல் போங்கள். தலை முதல் வால் வரை மூடும்படி மேலே போடுங்கள். போட்டுவிட்டுச் சற்றுப் பொறுங்கள். கண் மறைந்ததும் பறவை அடங்கும். கண்தான் இதற்கு உலகம். பார்ப்பது நின்றால் பயத்தில் பாதி நின்றுவிடும். பிறகு துணியோடு சேர்த்து இரண்டு இறக்கைகளையும் உடம்போடு ஒட்டினாற்போல் பிடித்து, கால்களைப் பாதத்துக்கு மேலே பற்றி, நகங்கள் உங்கள் உடம்புக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி தூக்குங்கள். முகத்துக்கு அருகே கொண்டுவராதீர்கள். நெஞ்சை அழுத்தவே கூடாது. நமக்கு மூச்சை இழுத்துவிட உதரவிதானம் இருக்கிறது. பறவைக்கு அது இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. பயந்துபோய் இறுக்கிப் பிடித்தால் கையிலேயே மூச்சு முட்டி இறந்துவிடும்.

ஒருவேளை நகம் உங்கள் கையைக் கவ்விவிட்டால் உதறாதீர்கள், இழுக்காதீர்கள். காலை மடக்கும்போது விரல்கள் தானாக இறுகிப் பூட்டிக்கொள்ளும் விதத்தில் அதன் தசைநார்கள் அமைந்திருக்கின்றன. உடன் இருப்பவர் அந்தக் காலை மெல்ல நேராக நீட்டினால் பிடி தளரும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டி, தேவையான ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெட்டி. அட்டைப் பெட்டிதான் வேண்டும். கோழிக்கூண்டு வேண்டாம், கிளிக்கூண்டு வேண்டாம், கம்பி வலை அடித்த எதுவும் வேண்டாம். வெளிச்சம் தெரியும் கம்பிக்குள் வைத்தால் பறவை மோதிக்கொண்டே இருக்கும். இறக்கையின் பெரிய சிறகுகள் ஒடியும். ஒடிந்த சிறகு நம் நகம்போல் வளர்ந்து சரியாகிவிடாது. பழையது உதிர்ந்து புதியது முளைக்கும் பருவம் வரை அது ஒடிந்தபடியே இருக்கும். இரண்டு நாளில் பறக்க வேண்டிய பறவை, நம் கூண்டினால் பல மாதம் முடங்கிவிடும். புள்ளி ஆந்தைக்கு ஒரு செருப்புப் பெட்டி போதும், கூகைக்கு ஆப்பிள் வரும் பெட்டி, பருந்துக்கு அதைவிடப் பெரிய மளிகைப் பெட்டி. உள்ளே நிற்கவும் திரும்பவும் இடம் இருக்க வேண்டும், இறக்கையை முழுவதும் விரிக்க இடம் இருக்கக் கூடாது. பறவையை வைப்பதற்கு முன்பே பக்கங்களில் விரல் பருமனில் ஓட்டைகள் போட்டுவிடுங்கள். அடியில் பழைய பருத்தி வேட்டியை மடித்துப் போடுங்கள். தேங்காய்ப்பூத் துண்டு வேண்டாம், அதன் நூல் சுருளில் நகம் மாட்டும். பறவையை உள்ளே விட்டு, போர்வையை உருவிக்கொண்டு, மூடியைக் கயிற்றால் கட்டுங்கள்.

பெட்டியை வீட்டிலேயே அமைதியான, நிழலான, காற்றோட்டமான மூலையில் வையுங்கள். கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் பெட்டியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், பத்து நிமிடம் போதும் உயிர் போக. தொலைக்காட்சி, மிக்சி, நாய்க் குரைப்பு எதுவும் கேட்கக் கூடாது. பிள்ளைகளுக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் அந்தப் பறவைக்கு ஒரு புலி எட்டிப் பார்த்த மாதிரி. திறக்காமல் இருப்பதே பிள்ளைகள் அதற்குச் செய்யும் உதவி என்று சொல்லிக்கொடுங்கள். மறக்காமல் ஒரு தாளில் எந்த இடம், எத்தனை மணி, அருகில் கம்பியா, சாலையா, வயலா என்று எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். குணமான பறவையை விழுந்த இடத்திலேயே விடவேண்டும், அதன் இணையும் வேட்டை எல்லையும் அங்கேதான் இருக்கும். காலில் வளையம் இருந்தால் அதன் எண்ணையும் எழுதுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் போன்ற நிறுவனங்கள் பறவைகளின் பயணத்தை அறிய மாட்டும் வளையம் அது. எங்கிருந்து வந்த பறவை என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

இப்போது நான் சொல்லப் போவதைத்தான் நம்மவர்கள் ஏற்றுக்கொள்ளத் தயங்குவார்கள். சாப்பாடு கொடுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். வந்தவருக்கு முதலில் சொம்பில் தண்ணீர் கொடுத்துப் பழகிய வீடுகள் நம்முடையவை. வாடிக் கிடக்கும் ஒரு உயிரின் வாயில் நீர் விடாமல் இருப்பது பாவம் என்று தோன்றும். ஆனால் பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. நாம் ஊற்றும் நீர் நேராக நுரையீரலுக்குப் போகும். அதிர்ச்சியில் இருக்கும் உடம்பு உணவைச் செரிக்காது. செரிக்க முயன்றால் மிச்சமிருக்கும் நீர்ச்சத்தும் போய்விடும். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய வேண்டியிருந்தால் வயிற்றில் இருக்கும் உணவு மூச்சை அடைக்கும். சோறு, பால், பிரெட், பிஸ்கட், தயிர் எதுவும் இவற்றின் உணவே அல்ல. எலும்பும் ரோமமும் சேர்த்து விழுங்கி, செரியாததை உருண்டையாக வெளியே கக்கும் உடம்பு இது. மருத்துவரிடம் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்றால் தொலைபேசியில் அவரைக் கேட்டு, அவர் சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

அதேபோல் மஞ்சள், எண்ணெய், களிம்பு வேண்டாம். தேங்காயெண்ணெய் பட்ட சிறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வெப்பத்தையும் காக்காது, மழையையும் தடுக்காது. வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது எல்லாவற்றிலும் ஆபத்து. டைக்ளோபினாக் என்ற சாதாரண வலிமருந்தின் கதையை நாடே அறியும். அந்த ஊசி போட்ட மாடு இறந்தால், அதைத் தின்ற பாறுக்கழுகுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 1990களில் தொடங்கி, வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2004-இல் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, 2006-இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. நமக்கு உடம்பு வலி போக்கும் பொருள் ஒரு பறவை இனத்தையே முடித்துவிட முடியும். ஆகவே நம் அலமாரியில் இருக்கும் எந்த மருந்தும் அந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது.

மீனவச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. வலையிலோ தூண்டிலிலோ மாட்டிய பருந்தைக் கண்டால், முதலில் தலையைத் துணியால் மூடுங்கள். பிறகு சுற்றியிருக்கும் நரம்பைப் பறவைக்குச் சற்றுத் தள்ளிக் கத்தரியுங்கள். தசைக்குள் புதைந்த நூலையோ, குத்திய முள்ளையோ உருவாதீர்கள். உருவும்போது இரத்தக் குழாயும் தசைநாரும் கூடவே அறுந்துவிடும். முள்ளோடும் நூலோடும் அப்படியே பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள். மின்கம்பியில் தொங்கும் பறவையை நீங்கள் எடுக்க முயலவே வேண்டாம். மின்துறைக்குச் சொல்லி, அவர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகே கிட்டே போக வேண்டும். உங்கள் உயிர் போனால் உங்கள் வீடு என்ன ஆகும்?

இனி யாரிடம் சேர்ப்பது? பலர் பயப்படுவது இந்த இடத்தில்தான். காட்டுயிரைத் தொட்டால் வழக்கு வரும் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, காட்டுயிர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. உயிரைக் காப்பாற்ற எடுத்து, உடனே தகவல் சொல்கிறவருக்கு அஞ்ச ஒன்றுமில்லை. தகவல் சொல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்வதுதான் குற்றம், அன்போடு வைத்துக்கொண்டாலும் குற்றம்தான்.

காரைக்காலில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. நண்டலாற்றைத் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம், வாஞ்சூருக்குத் தெற்கே நாகப்பட்டினம் மாவட்டம். பறவைக்கு இந்த எல்லைகள் கிடையாது, அதிகாரிகளுக்கு உண்டு. ஆகவே பறவை எந்தப் பக்கம் கிடந்ததோ அந்தப் பக்கத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். இங்கே என்றால் புதுச்சேரி அரசின் வனத்துறை, அங்கே என்றால் தமிழ்நாடு வனத்துறை. யாரையும் பிடிக்க முடியாவிட்டால் காவல் நிலையம். இதற்கிடையே அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டி இரத்தத்தை நிறுத்தவும் நீர் ஏற்றவும் கேட்கலாம். பெரிய சிகிச்சை என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிகள்தான்: வடக்கே புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ஒன்று, மேற்கே ஒரத்தநாட்டில் ஒன்று. இரண்டும் மணிக்கணக்கில் பயணம். அதனால்தான் சொல்கிறேன், நம் மண்ணில் விழும் பறவையின் முதல் சில மணி நேரம் மருத்துவர் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது.

நாள் கடத்தவும் கூடாது. பறவையின் எலும்பு மெல்லியது, விரைவில் கூடிவிடும், இரண்டு மூன்று வாரம் போதும். கேட்க நல்ல செய்திதான். ஆனால் ஒரு வாரம் வீட்டில் வைத்திருந்து தேறிவிடும் என்று பார்த்தால், எலும்பு கோணலாகக் கூடத் தொடங்கியிருக்கும். கோணல் இறக்கையோடு பருந்து இரை தேட முடியாது. தோளை ஒட்டிய எலும்புக்குள் காற்று அறைகள் உண்டு. அவை நுரையீரலோடு இணைந்தவை. அந்தப் புண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் நீர் மூச்சுப் பாதைக்குள் போய்விடும். இதையெல்லாம் அறிந்தவர் செய்யட்டும். சில சமயம் அவர், இதைக் காப்பாற்ற முடியாது, வலியில்லாமல் விடைகொடுப்பதுதான் நல்லது என்பார். மூட்டு நொறுங்கிய பருந்தை ஆயுள் முழுவதும் கூண்டில் வைத்திருப்பது கருணை ஆகாது. அந்த முடிவையும் நாம் தாங்கிக்கொள்ள வேண்டும்.

டெல்லியில் இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள், நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத். அடிபட்ட ஒரு கரும்பருந்தை அவர்கள் ஒரு பறவை மருத்துவமனைக்கு எடுத்துப்போனபோது, மாமிசம் தின்னும் பறவை என்பதால் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு தங்கள் வீட்டின் கீழ்த்தளத்திலேயே, தொழிலைப் பார்த்துக்கொண்டே, மாஞ்சாவில் அறுபட்ட பருந்துகளுக்குத் தையல் போடக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு அவர்கள் கையால் பிழைத்து வானேறியவை பல ஆயிரம். அவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ஆவணப்படம் 2022-இல் சண்டான்ஸ், கான் விழாக்களில் விருது பெற்று, அடுத்த ஆண்டு ஆஸ்கர் போட்டி வரைக்கும் போனது.

மாமிசம் தின்னும் பறவைக்கு இரக்கம் இல்லை என்ற எண்ணம் டெல்லியில் மட்டும் இல்லை. கோழிக்குஞ்சைத் தூக்கிய வல்லூறு அடிபட்டால், "நல்லா வேணும்" என்று நம் தெருவிலும் சொல்வார்கள். ஆந்தை அலறினால் சாவு வரும் என்று கல்லெறிவார்கள். ஆனால் இந்த மண் சோழ மண். சோழர்கள் தங்களைச் சிபியின் வழிவந்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். சிபியின் கதையில் புறாவை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். துரத்தி வந்த பருந்து, என் பசிக்கு என்ன வழி என்று கேட்கிறது. அந்த அரசன் அதை வில்லெடுத்து விரட்டவில்லை. அதன் கேள்வி நியாயம் என்று ஒப்புக்கொண்டு, தன் சதையை அரிந்து தராசில் வைக்கிறான். புறாவுக்கு உயிர்மேல் உள்ள உரிமையும் பருந்துக்கு இரைமேல் உள்ள உரிமையும் ஒரே தராசில் நிற்கின்றன. மயிலாடுதுறை தாண்டி வைத்தீசுவரன் கோயிலுக்குப் போனவர்கள் சடாயு குண்டத்தைப் பார்த்திருப்பீர்கள். இறக்கை வெட்டுண்டு விழுந்த சடாயுவுக்கு இராமன் மகன்போல் இறுதிக்கடன் செய்த இடம் என்று அதைக் கும்பிடுகிறோம். விழுந்த பறவைக்கு நாம் செய்ய வேண்டிய கடன் உண்டு என்று இந்தப் பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்தக் கடனைச் சிகிச்சையாகவே செய்ய முடியும் என்பது நம் காலத்தின் பேறு.

முடிக்கும் முன் உங்களிடம் ஒரு கோரிக்கை. குஜராத்தில் பட்டத் திருவிழா நாட்களில் அரசும் தன்னார்வலர்களும் சேர்ந்து "கருணா அபியான்" என்று ஆண்டுதோறும் பறவைகளுக்குச் சிகிச்சை முகாம்கள் நடத்துகிறார்கள். அந்த அளவுக்கு இங்கே உடனே முடியாமல் போகலாம். நான் கேட்பது சிறியது. மீன்பிடித் துறைமுகத்தில், ஒவ்வொரு மீனவப் பஞ்சாயத்தின் கட்டடத்தில், மின்துறைப் பிரிவு அலுவலகங்களில், பள்ளிகளில், வேளாண் அலுவலகங்களில் ஓட்டை போட்டு வைத்த ஒரு அட்டைப் பெட்டி, ஒரு பழைய போர்வை, ஒரு கத்தரி, மூடியின் உட்புறத்தில் வனத்துறை, காவல் நிலையம், கால்நடை மருத்துவமனை ஆகியவற்றின் எண்கள், இவ்வளவு இருக்கட்டும். திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று கொம்யூனுக்கு நான்கு பேர் பெயர் கொடுங்கள். பறவையைப் பிடிக்கவும் பெட்டியில் வைக்கவும் ஒரு கால்நடை மருத்துவரை வைத்து ஒரு நாள் பயிற்சி எடுப்போம். வயலில் எலிக்கு விஷம் வைப்பவர்கள், இந்த சம்பாவுக்கு மட்டுமாவது தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறியும் தென்னை மட்டையும் வைத்துப் பாருங்கள். கரையில் கிழிந்த வலையைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வெளியே மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. உங்கள் பெயர், தெரு, தொலைபேசி எண் எழுதிவிட்டுப் போகும்படி ஒவ்வொருவரையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வயதானவர்களும் எழுதலாம். பெட்டியைத் திறக்காமல் காவல் காக்க உங்களைவிடப் பொறுமையானவர்கள் இல்லை.